புல் வெட்டும் இயந்திரங்கள் நான்கு: விளம்பரத் தாளில் ஒரு ஏக்கர், தரையில் அரை ஏக்கர்

புல்வெட்டும் குழு நடத்துபவர்கள் புது இயந்திரம் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது, ‘மணிக்கு இத்தனை ஏக்கர்’ என்று விளம்பரத் தாளில் பெரிதாகப் போட்டிருக்கும் எண். அதை நம்பி நாளைக்கு இத்தனை சைட் முடித்துத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டால், இரண்டாவது வாரத்திலேயே குழு இருட்டும்வரை வேலை பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால் இந்த மதிப்புரையில் குதிரைத்திறன், இருக்கையின் மெத்தை எல்லாம் பின்னுக்குப் போகின்றன. கையால் தள்ளும் 21 அங்குல புஷ் மோவர், பின்னால் நடந்து ஓட்டும் 36 அங்குல வாக்-பிஹைண்ட், நின்றுகொண்டு ஓட்டும் 48 அங்குல ஸ்டாண்ட்-ஆன், உட்கார்ந்து ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பக்கூடிய 60 அங்குல ஜீரோ டர்ன் ஆகிய நான்கையும் ஒரே கேள்வியை வைத்து எடை போடுகிறோம். இரண்டு பேர் கொண்ட குழு இதை வைத்து ஒரு நாளில் எத்தனை சைட் முடிக்கும்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 1,000 முதல் 3,000 சதுர மீட்டர் வரையுள்ள சைட்களே பெரும்பாலும் என்றால் 48 அங்குல ஸ்டாண்ட்-ஆன்தான் வாங்க வேண்டியது. விளையாட்டுத் திடல் போன்ற பெரிய திறந்தவெளிகள் கையில் இல்லாதவருக்கு 60 அங்குலம் வீண் செலவு. 36 அங்குலத்தின் மதிப்பை முடிவு செய்வது வீடுகளின் பக்கவாட்டு கேட். 21 அங்குலம் எந்தக் குழுவின் டிரெய்லரிலும் இருந்தே ஆக வேண்டும். அதை மட்டும் நம்பி நாள் கணக்குப் போடக் கூடாது.

விளம்பர எண் எப்படி வருகிறது

டெக்கின், அதாவது பிளேடுகளை மூடியிருக்கும் வெட்டும் பகுதியின், முழு அகலத்தை இயந்திரத்தின் உச்ச வேகத்தால் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். 60 அங்குலம் என்பது 1.52 மீட்டர். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகம் என்றால் 24,320 சதுர மீட்டர், அதாவது மணிக்கு 6 ஏக்கர். பெருக்கலில் தவறில்லை. ஆனால் அந்த எண் வர வேண்டுமானால் ஒரு வரிசை மேல் இன்னொரு வரிசை ஒரு விரல்கூட ஏறக் கூடாது, எங்கேயும் திரும்பக் கூடாது, வேகம் ஒரு நொடிகூடக் குறையக் கூடாது. அப்படிப்பட்ட புல்வெளி எங்கும் கிடையாது.

முதலில் வேகம். 16 கிலோமீட்டர் என்பது ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வெட்டாமல் ஓட்டிச் செல்லும் வேகம். பிளேடின் நுனி வேகத்துக்குப் பாதுகாப்புத் தரவிதிப்படி நொடிக்கு சுமார் 96.5 மீட்டர் என்ற உச்ச வரம்பு உண்டு. 60 அங்குல டெக்கில் ஏறக்குறைய 52 சென்டிமீட்டர் நீளமுள்ள மூன்று பிளேடுகள் நிமிடத்துக்கு 3,500 சுற்று சுற்றும்போதே நுனி வேகம் 95 மீட்டரைத் தொட்டுவிடும். அதற்கு மேல் பிளேடை வேகமாகச் சுற்ற வழியில்லை. ஆகவே வண்டியை விரட்டினால் புல்லைத் தூக்கி நிறுத்தி வெட்டி வெளியே தள்ள டெக்குக்கு நேரம் போதாது. நிமிர்ந்த தண்டுகள் கோடுகோடாக மிஞ்சும். நல்ல வெட்டு வேண்டுமானால் சமதரையில் மணிக்கு 10 முதல் 11 கிலோமீட்டர்தான் கணக்கு. ஆபரேட்டரின் உண்மையான வேகத்தைத் தெரிந்துகொள்ள 50 மீட்டரை நாடாவால் அளந்து இரண்டு முனையிலும் குச்சி நட்டு, அவர் வெட்டிக்கொண்டே கடக்கும் நேரத்தைக் குறியுங்கள். 16.4 நொடி என்றால் 11 கிலோமீட்டர். 20 நொடி ஆனால் 9.

அடுத்தது ஓவர்லேப். இரு வரிசைகளுக்கு நடுவே புல் கீற்று நிற்காமலிருக்க 60 அங்குலத்தில் 10 சென்டிமீட்டர் ஏற்றி ஓட்ட வேண்டும். பயனுள்ள அகலம் 1.42 மீட்டராகிவிடும். இது நியாயமான இழப்பு. நியாயமில்லாத இழப்பைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: வரிசைகளை எண்ணுங்கள். 30 மீட்டர் அகலமுள்ள இடத்தை 22 வரிசையில் முடித்தால் சரி. 25 வரிசை ஆனால் பயனுள்ள அகலம் 1.2 மீட்டர்தான், வாங்கிய டெக்கில் ஐந்தில் ஒரு பங்கு சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. புதிதாக வந்த ஆபரேட்டரிடம் முதலில் திருத்த வேண்டியது வேகத்தை அல்ல, இதைத்தான். முன்சக்கரம் முந்தைய வரிசையின் ஓரத்துக்கு எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று டெக்கின் மேல் ஒரு கோடு வரைந்து கொடுத்தால் இரண்டே நாளில் சரியாகிவிடும்.

மூன்றாவது திருப்பம். பெரும்பாலோர் அசட்டை செய்வதும் அதிக நேரத்தைத் தின்பதும் இதுதான். ஜீரோ டர்ன் என்று பெயர் இருப்பதற்காக நின்ற இடத்திலேயே சுழற்றினால் உள்பக்கச் சக்கரம் புல்லை வேரோடு திருகிப் பிடுங்கிவிடும். பின்னால் கொஞ்சம் இழுத்து, மூன்று அசைவில் திரும்ப வேண்டும்; அதற்கு 4 நொடி ஆகும். வரிசை 60 மீட்டர் நீளமானால் அதைக் கடக்க 19.6 நொடி, திரும்ப 4 நொடி, அதாவது நேரத்தில் 83 சதவீதம் வெட்டுதான். வரிசை 20 மீட்டரானால் 6.5 நொடி வெட்டு, 4 நொடி திருப்பம். 62 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 60-க்கு 20 மீட்டர் உள்ள ஒரே மனையை நீளவாக்கில் 15 வரிசையாக வெட்டினால் 6 நிமிடத்துக்குள் முடியும். குறுக்கே 43 வரிசையாக வெட்டினால் ஏழரை நிமிடம். வாரத்துக்கு வாரம் திசையை மாற்றி வெட்டுவது புல்லுக்கு நல்லது, சந்தேகமில்லை. அப்படி மாற்றும் வாரங்களுக்குக் கணக்கில் இடம் விட்டு வையுங்கள்.

நான்கும் உண்மையில் எவ்வளவு வெட்டும்

பயனுள்ள அகலத்தை மீட்டரிலும் வேகத்தை மணிக்கு எத்தனை மீட்டர் என்றும் எடுத்துப் பெருக்கி, திருப்பம், மரம், வளைவுக்கான கழிவு போக மிஞ்சும் சதவீதத்தை எடுத்தால் போதும். 21 அங்குல புஷ் மோவர்: 0.48 மீட்டர், 4,500 மீட்டர், 80 சதவீதம். மணிக்கு 1,730 சதுர மீட்டர். 36 அங்குலம்: 0.84 மீட்டர், 6,000 மீட்டர், 75 சதவீதம், 3,780. 48 அங்குல ஸ்டாண்ட்-ஆன்: 1.13 மீட்டர், 10,000 மீட்டர், 70 சதவீதம், 7,900. 60 அங்குலம்: 1.42 மீட்டர், 11,000 மீட்டர், 75 சதவீதம். 11,700, அதாவது 2.9 ஏக்கர். தாளில் 6 ஏக்கர் இருந்தது நினைவிருக்கட்டும். புஷ் மோவரில் மட்டும் இந்த இடைவெளி குறைவு, ஏனென்றால் மனிதன் நடக்கும் வேகத்தை யாரும் மிகைப்படுத்திப் போட முடியாது.

48 அங்குலத்துக்கு 70 சதவீதம் என்று குறைத்துப் போட்டதற்குக் காரணம் இயந்திரக் குறையல்ல. அது போகும் சைட்கள் சிறியவை, வளைவுகள் அதிகம். அதே இயந்திரத்தைத் திடலில் விட்டால் 80 வரும்.

பெரிய டெக் வாங்கியும் சைட் கூடாத கதை

புல் வெட்டுவது மட்டுமே வேலை என்றால் 60 அங்குலம் 48-ஐ எளிதாக ஜெயித்துவிடும். ஆனால் சைட்டில் நடக்கும் வேலையில் பாதிக்கு மேல் கைவேலை. கயிற்றைச் சுழற்றிப் புல் வெட்டும் டிரிம்மர் வேலி ஓரமாக நிமிடத்துக்கு 20 மீட்டர் போகும். ஒவ்வொரு மரத்தைச் சுற்றவும் 25 நொடி. நடைபாதை விளிம்பை எட்ஜரால் செதுக்க நிமிடத்துக்கு 15 மீட்டர். கடைசியாக, சிதறிய புல்லை ஊதித் தள்ளும் ப்ளோவர்.

ஓர் உதாரண சைட்: 2,000 சதுர மீட்டர் புல், 260 மீட்டர் வேலியும் சுவரும், 18 மரம், 90 மீட்டர் நடைபாதை விளிம்பு. டிரிம்மருக்கு 13 நிமிடம், மரங்களுக்கு ஏழரை, விளிம்புக்கு 6, ஊதித் தள்ள 5. மொத்தம் சுமார் 32 நிமிடம் கைவேலை. புல் வெட்ட 60 அங்குலத்துக்கு 10 நிமிடம், 48-க்கு 15, 36-க்கு 32.

இப்போது இரண்டு பேருக்கும் பிரித்துப் பாருங்கள். 60 அங்குலத்தில் ஓட்டுபவர் 10 நிமிடத்தில் இறங்கி இரண்டாவது டிரிம்மரை எடுத்தால் 42 நிமிட வேலை இருவருக்கும் பாதியாகி 21 நிமிடத்தில் முடியும். 48 அங்குலத்தில் 24 நிமிடம். 36 அங்குலத்தில் ஆளுக்கு 32 நிமிடம். இதோடு இயந்திரத்தை இறக்கி ஏற்ற 6 நிமிடமும், அடுத்த சைட்டுக்குப் பயணம் 12 நிமிடமும் சேர்த்தால் சைட் ஒன்றுக்கு முறையே 39, 42, 50 நிமிடம்.

எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். காலையில் எரிபொருள் ஊற்றி ஏற்றிக் கட்ட 25, சாப்பாட்டுக்கு 30, தண்ணீர் குடித்து இளைப்பாற இரண்டு தடவையாக 20, மாலையில் டெக்கைச் சுரண்டிக் கழுவி பிளேடு மாற்ற 25. மிச்சம் 380. இந்த 100 நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் புதுக் குழுக்கள் செய்யும் முதல் தவறு. சேர்த்துவிட்டுப் பிறகு இளைப்பாறும் நேரத்தில் கைவைப்பது இரண்டாவது. வெயிலில் டிரிம்மர் பிடித்த ஆளுக்கு அந்த 10 நிமிடம் கிடைக்காவிட்டால் பிற்பகல் சைட் ஒவ்வொன்றிலும் அதைவிட அதிகம் இழப்பீர்கள்.

380-ஐ வகுத்தால்: 36 அங்குலத்தில் 7 சைட். 48 அங்குலத்தில் 9. 60 அங்குலத்தில் 9.7, அதாவது அதுவும் 9-தான். அரைகுறை சைட்டுக்கு யாரும் பணம் தருவதில்லை. கூடுதலாக ஓர் அடி அகல டெக்குக்குக் கொடுத்த பணம் முழுவதும் மாலையில் அரை மணி நேரம் சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்குத்தான் ஆகியிருக்கிறது. அதற்குப் பதில் சைட்களின் வரிசையை மாற்றி, பயணத்தை 12 நிமிடத்திலிருந்து 7-ஆகக் குறைத்தால் 48 அங்குல இயந்திரமே 10 சைட் முடித்துவிடும். பயணம் 12 நிமிடமாகவே இருக்க, மூன்றாவது ஆளைச் சேர்த்தால் 11 வரும். ஆனால் ஆளுக்கு நாலரை சைட் என்றிருந்தது மூன்றே முக்காலுக்கும் கீழே இறங்கும். சம்பளத்தை இந்த எண்ணோடு ஒப்பிட்ட பிறகே ஆளைச் சேர்க்க வேண்டும்.

அதே சைட்டில் 700 சதுர மீட்டர் பின்புறம், ஒரு மீட்டர் கேட்டுக்கு உள்ளே இருந்தால் கணக்கு இன்னும் மாறும். 48-உம் 60-உம் உள்ளே நுழையாது. புஷ் மோவரால் அந்தப் பகுதிக்கு மட்டும் 24 நிமிடம். சைட் ஒன்றுக்கு 60 அங்குலக் குழுவுக்கு 49.5 நிமிடம், 48-க்கு 51, முழுவதையும் ஒரே இயந்திரத்தால் வெட்டும் 36-க்கு 50. மூன்றுக்கும் நாளுக்கு 7 சைட்தான். 36 அங்குலத்தைப் பழைய காலத்துப் பொருள் என்று ஒதுக்குபவர்கள் முதலில் தங்கள் சைட்களின் கேட்களை அளந்து பார்க்கட்டும். டெக் 91 சென்டிமீட்டர்தான் என்றாலும் வெட்டிய புல்லை வெளியே தள்ளும் டிஸ்சார்ஜ் சூட் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். கேட்டைக் கடக்கும்போது அதை மேலே மடக்கிக்கொள்ளலாம். கழற்றி வைத்துவிட்டு வெட்டக் கூடாது, கல் தெறித்தால் தடுக்க வேறொன்றும் இல்லை.

60 அங்குலம் பெயரைக் காப்பாற்றுமிடம் பெரிய திடல். 40,000 சதுர மீட்டரை அது மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும். திடலில் 80 சதவீதம் என்று வைத்தாலும் எங்கள் கணக்கின்படி 48-க்குச் சுமார் நாலரை மணி நேரம். அங்கே கைவேலை குறைவு, ஆள் முழு நேரமும் இருக்கையில் இருப்பார், முதுகுக்கும் அதுதான் நல்லது. மேடுபள்ளமான தரையில் மட்டும் அகலமான டெக் மேட்டின் தலையை வழித்துவிடும். சரிவில் 15 டிகிரி என்ற எல்லையைப் பெரும்பாலான கையேடுகள் போட்டிருக்கின்றன. அதைத் தாண்டிய சரிவைக் கணக்கிலேயே இயந்திர வேலையாக எழுதாதீர்கள்.

ஸ்டாண்ட்-ஆன் எதனால் பிடிக்கிறது

இந்தக் கணக்கில் வராத சின்னச் சின்ன மிச்சங்கள் அதில் நிறைய. வழியில் ஒரு கிளையோ பாட்டிலோ கிடந்தால் ஒரு காலை எடுத்துக் கீழே வைத்து எடுத்துப் போட்டுவிடலாம். இருக்கை வண்டியில் பெல்ட் கழற்றி, இறங்கி, ஏறி, மறுபடி மாட்ட வேண்டும். பலர் சோம்பல்பட்டுக் குப்பையின் மேலேயே ஓட்டிவிடுவார்கள், பிறகு அதைத் துண்டுதுண்டாகப் பொறுக்க வேண்டும். நீளம் குறைவு என்பதால் டிரெய்லரில் இன்னொரு இயந்திரத்துக்கு இடம் கிடைக்கும். நின்றுகொண்டே ஓட்டுவதால் டெக்கின் விளிம்பு கண்ணுக்கு நேராகத் தெரியும், மரத்தை ஒட்டிப் போகலாம், டிரிம்மருக்கு வேலை குறையும். குறை என்றால் கால்தான். நிற்கும் தட்டில் ஸ்பிரிங் அல்லது ரப்பர் தாங்கி இல்லாத மாடலை வாங்கவே வாங்காதீர்கள். மதியத்துக்குப் பிறகு முழங்கால் தாங்காது.

எண்ணைக் கவிழ்ப்பவை

புல் வளரும் வேகம் முதல் எதிரி. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது. 6 சென்டிமீட்டரில் நிறுத்த வேண்டுமானால் 9-ஐத் தொடும்போது வெட்டிவிட வேண்டும். மழைக்குப் பிறகு ஒரு முறை தவறவிட்டு 13 சென்டிமீட்டர் ஆகிவிட்டால், முதலில் 9-க்கு ஒரு ஓட்டம், பிறகு 6-க்கு ஒரு ஓட்டம். உதாரண சைட்டில் 48 அங்குலத்தின் 15 நிமிடம் 30 ஆகும். நாளுக்கு 9 சைட் என்றிருந்தது 7 ஆகும். ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணில் ஒப்பந்தம் போடுபவர்கள் அடிவாங்குவது இங்கேதான். வளர்ச்சிக் காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் தனித்தனி எண் வேண்டும்.

ஈரப்புல்லும் இதே நஷ்டத்தைத் தரும். டெக்கின் அடியில் புல் அப்பிக்கொண்டால் காற்று சுழல இடமில்லாமல் கட்டிகட்டியாகத் துப்பும். கட்டிகளைக் கலைக்க மறுபடி ஓட்ட வேண்டும். அடியைச் சுரண்டும் முன் எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள்.

மழுங்கிய பிளேடு புல்லைக் கிழிக்கும். அடுத்த நாள் நுனிகள் வெளிறிப் பழுப்பாகத் தெரிந்தால் அதுதான் காரணம். சாணை பிடித்த இரண்டு செட் பிளேடு வைத்துக்கொண்டு தினமும் மாலையில் மாற்றிவிடுவது நல்ல பழக்கம். தீட்டும்போது பழைய கோணத்தையே பின்பற்றுங்கள்; கத்திபோல் கூர்மையாக்கினால் முதல் கல்லிலேயே மடங்கும். தீட்டிய பிளேடின் நடுத் துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை, வெட்டுமுனையை விட்டு, இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். சமநிலை இல்லாத பிளேடு, அது சுழலும் தண்டைத் தாங்கும் ஸ்பிண்டில் பேரிங்கைத் தின்றுவிடும். பேரிங் போனால் அன்றைய நாளே போச்சு.

வெட்டில் படிக்கட்டுபோல் கோடு விழுந்தால் டெக்கைத் திருகத் தொடங்காதீர்கள். முதலில் நான்கு டயரின் காற்றையும் அளக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றில் குறைந்திருக்கும். அது சரியாக இருந்தால் மட்டுமே டெக்கின் சாய்வைப் பாருங்கள். பிளேடின் முன்முனை பின்முனையைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும்.

புல்லை அள்ளிப் பையில் பிடிக்கச் சொல்லும் சைட்களுக்கு மேலே சொன்ன எந்த எண்ணும் பொருந்தாது. ஒரு பை நிரம்ப எத்தனை வரிசை, அதைக் கொட்டி வர எத்தனை நிமிடம் என்று முதல் தடவையே எண்ணி, தனி விலை சொல்லிவிடுங்கள்.

டிரிம்மரில் கஞ்சம் பிடிக்காதீர்கள்

மேலே உள்ள கணக்கில் குழுவின் வேகத்தைக் கட்டிப்போடுவது 32 நிமிடக் கைவேலைதான். ஆகவே 60 அங்குலத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி, நேரான தண்டுள்ள இரண்டு நல்ல டிரிம்மருக்குப் போகட்டும். பாதுகாப்பு மறைப்பைக் கழற்றிவிட்டு நீளமான கயிற்றோடு ஓட்டினால் வேகம் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் வேகம் அதிகரிக்காது. அந்த மறைப்பிலுள்ள சிறு கத்திதான் கயிற்றைச் சரியான நீளத்தில் வெட்டி வைக்கிறது. நீளம் கூடினால் சுற்று குறைந்து எஞ்சின் திணறும், கிளட்ச் சூடாகும். 50-க்கு 1 கலவை கேட்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய். கலந்த கேனில் தேதி எழுதி வையுங்கள்.

கயிறு, அதைச் சுற்றி வைக்கும் டிரிம்மர் தலைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் நிற்பது நாளுக்கு நான்கைந்து தடவை நடந்தால், தடவைக்கு 3 நிமிடம் என்று வைத்தாலும் 15 நிமிடம் போகும். நைலான் கயிறு காய்ந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். சுற்றும் முன் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் அது மறுபடி வளையும் பதத்துக்கு வரும். சுற்றும்போது கயிறுகள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே ஏறக் கூடாது. தலையில் போட்டிருக்கும் அம்புக்குறியின் திசையில், இறுக்கமாக, வரிசையாக. காலையிலேயே இப்படிச் சுற்றிய இரண்டு தலைகளை டிரெய்லரில் போட்டுக்கொண்டு கிளம்பினால், சைட்டில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட ஒரு நிமிடம் போதும்.